அப்பாவின் மேஜையும் சோட்டா நாகபுரி அரக்கும்

அப்பா விட்டுச் சென்ற ஈட்டிமர எழுதுமேஜை மங்கிவிட்டதே என்று சில வருஷங்களுக்கு முன் ஒருவரிடம் பாலிஷ் போடக் கொடுத்தேன். பாலியூரிதேன் பூசித் தந்தார். கண்ணாடிபோல் மின்னியது. மூன்றாவது மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. அதை எடுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அப்பாவின் பேனா மைக்கறையும் சேர்ந்து போய்விட்டது. அடியில் என்ன பூச்சு இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ரசாயனம் படித்த எனக்கே அது தோன்றவில்லை.

அடியில் இருந்தது அரக்கு. அதில் இயற்கையாகவே உள்ள மெழுகு, மேலே பூசியதை ஒட்டவிடவில்லை.

1970களில் ராஞ்சியில் உத்தியோகம் பார்த்தபோது, குந்தி பக்கத்துச் சந்தைகளில் ஆதிவாசிப் பெண்கள் சுள்ளியோடு ஒட்டிய அரக்கைக் கூடையில் வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீட்டு மேஜைமேல் இருப்பதுதான் என்று அன்று தெரியாது. மிகச் சிறிய பூச்சி ஒன்று பலாசு, இலந்தை, குசும் மரங்களின் சாற்றை உறிஞ்சித் தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின் அது. (உபநயனத்தில் பிரம்மசாரி பிடிக்கும் பலாச தண்டம் இந்தப் பலாசுதான்.) மகாபாரத காலத்து அரக்கு மாளிகையை நாம் அறிவோம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அரக்கின் சிவப்புச் சாயத்துக்குத்தான் பெரிய கிராக்கி. 1856ல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் வரிசையாக வந்த சாயங்கள் அந்த வியாபாரத்தை முடித்துவிட்டன. பிசின் பிழைத்துக்கொண்டது.

காரணம் மரச்சாமான். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியது. மிர்ஸாபூரிலும் கல்கத்தாவிலும் அரக்கைத் துணிப்பையில் அடைத்து, நெருப்பருகே முறுக்கிப் பிழிந்து, சூடாக இருக்கும்போதே கையாலும் காலாலும் பல்லாலும் இழுத்துத் தகடாக்கினார்கள். அந்தத் தகட்டை நொறுக்கியதே சப்டா. வெள்ளைக்காரர் ஷெல்லாக் என்றார்கள். கல்கத்தாவில் 1908ல் இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்ததும் கிராக்கி இன்னும் கூடியது. எம்.எஸ். அம்மாவின் 78 சுற்று இசைத்தட்டுகளிலும் அரக்கு உண்டு.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. லிண்ட்சே, ஹார்லோ என்ற இரு அதிகாரிகளின் அறிக்கை 1921ல் வந்தது. 1924ல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. டாரதி நாரிஸ் என்ற பெண்மணி அதன் முதல் இயக்குநர். அந்நாளில் அது எளிய விஷயமா! 1930ல் அரக்குக்கென்றே செஸ் சட்டமும் வந்தது. ஆனால் 1923லேயே ட்யூபாண்டின் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் அமெரிக்காவில் வந்துவிட்டது. 1937ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் பாலியூரிதேன் ரசாயனத்தைக் கண்டார். 1948ல் வினைல் இசைத்தட்டு வந்தது. அரக்குக்கு இறங்குமுகம்.

பாலியூரிதேனைக் குறை சொல்லவில்லை. சூடான டம்ளர், தண்ணீர், குழந்தைகள் எல்லாவற்றையும் தாங்கும். புதிதாகச் செய்த சாப்பாட்டு மேஜைக்கு அதுதான் சரி. அரக்கோ, சூட்டில் இளகும். தண்ணீர் பட்டால் வெளுக்கும். சாராயம் பட்டால் கரையும். ஆனால் அப்படிக் கரைவதால்தான் புதுப்பூச்சு பழைய பூச்சோடு கலந்து ஒன்றாகிறது. கீறலைச் சரிசெய்ய மரத்தைச் சுரண்ட வேண்டாம். பாலியூரிதேன் ஒருமுறை இறுகினால் கரையாது.

வீட்டில் பழைய சாமான் இருப்பவர்கள் மறைவான ஓரிடத்தில் டிநேச்சர்ட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் பெரும்பாலும் அரக்குதான். கடையில் கரைத்து வைத்ததை வாங்க வேண்டாம். நாளானால் அரக்கின் அமிலங்கள் ஸ்பிரிட்டோடு சேர்ந்து எஸ்டராகி, பூசினால் காயாமல் ஒட்டும். சப்டா வாங்கி அவ்வப்போது கரைத்துக்கொள்வதே நலம்.

மேஜை போனாலும் அப்பாவின் நாற்காலி தப்பியது. அதற்கு நானே அரக்கு போட்டேன். சென்ற மாதம் என் பேரன் அதன் கைமேல் காபி டபராவை வைத்து வெள்ளை வளையம் ஒன்று விழுந்தது. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் இரண்டு தடவை மெல்லத் துடைத்தேன். போய்விட்டது.