தலைக்கு 20 ரூபாய்

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி இத்தனை இலட்சம் கோடி, தனிநபர் வருமானம் இவ்வளவு, உலக வரிசையில் இத்தனையாவது இடம் என்று செய்தித்தாள்கள் அறிவிக்கின்றன. நாமும் அவற்றை மழை அளவைப் படிப்பது போலப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். மழையை அளக்கக் குவளை ஒன்று போதும். நாட்டின் வருமானத்தை அளப்பதற்கோ, எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று யாரேனும் ஒருவர் முதலில் முடிவு செய்தாக வேண்டும். இந்தியாவுக்கு அந்த வேலையை முதன்முதலில் செய்தவர், ஆட்சியின் மீது வழக்குரைக்க வந்த ஒரு முன்னாள் கணிதப் பேராசிரியர்.

தாதாபாய் நௌரோஜி 1825ஆம் ஆண்டில் ஏழைப் பார்சி குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, 1855இல் வணிக நிறுவனம் ஒன்றின் பங்காளியாக இங்கிலாந்து சென்றார். வணிகக் கணக்கேட்டில் பழகிய அந்தக் கண்ணுடன் ஒரு நாட்டின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தார் என்று சொன்னால் மிகையாகாது. இந்தியாவின் வறுமையைப் பற்றி 1876இல் பம்பாயில் அவர் படித்த கட்டுரை அந்தப் பார்வையின் விளைவு.

அவர் கையாண்ட முறை எளியது. மாகாணந்தோறும் முக்கியப் பயிர்களை எடுத்துக்கொண்டார். பயிரிட்ட பரப்பு, ஏக்கருக்கு விளைச்சல், விற்ற விலை ஆகிய மூன்றையும் பெருக்கினார். புள்ளிவிவரங்கள் அனைத்தும் அரசின் நிர்வாக அறிக்கைகளிலிருந்தே பெறப்பட்டவை. ஆனால் அந்த அறிக்கைகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. மாவட்ட விலைகளையெல்லாம் கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, இதுவே சராசரி விலை என்று அதிகாரிகள் எழுதியிருந்தனர். இதில் என்ன பிழை என்று கேட்கலாம். ஒரு மாவட்டத்தில் 100 மூட்டை விளைந்து மூட்டை 2 ரூபாய்க்கும், மற்றொன்றில் 900 மூட்டை விளைந்து மூட்டை 1 ரூபாய்க்கும் விற்பதாகக் கொள்வோம். அதிகாரியின் சராசரி ஒன்றரை ரூபாய். அதன்படி ஆயிரம் மூட்டையின் மதிப்பு 1,500 ரூபாய். உண்மையில் கைக்கு வந்த தொகை 1,100 ரூபாய்தான். மீதி 400 ரூபாய் காகிதத்தில் விளைந்தது!

விதைக்கு வேண்டியதைக் கழித்த பின் பயிர்களின் மதிப்பு ஏறக்குறைய 26 கோடி பவுண்டு என்று கண்டார். உப்பு, அபினி, நிலக்கரி, வாணிப ஆதாயம், கைத்தொழில், பால், மீன், இறைச்சி ஆகியவற்றுக்கும் தொகை சேர்த்தார். தம் கணக்கு குறைவு என்று எவரும் சொல்லாதிருக்க, விட்டுப்போனவற்றுக்காக 3 கோடி பவுண்டையும் கூட்டினார். ஆக மொத்தம் 34 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள் 17 கோடி. தலைக்கு ஆண்டுக்கு 2 பவுண்டு, அதாவது அன்றைய 20 ரூபாய்.

அது அதிகமா, குறைவா? எதனோடு ஒப்பிடுவது? நௌரோஜி இதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. சிறைக் கைதி ஒருவரின் உணவுக்கும் உடைக்கும் அரசு செலவிட்ட தொகையை அவர் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வங்காளத்தில் தலைவீத உற்பத்தி 15 ரூபாய். சிறைக் கைதிக்கு ஆன செலவு 31 ரூபாய்க்கு மேல். நம் சென்னை மாகாணத்தில் உற்பத்தி 18 ரூபாய்; கைதிக்கு ஆன செலவு 53 ரூபாய். அவர் கட்டுரை படித்த அதே ஆண்டில்தான் தென்னகத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது.

வாணிபக் கணக்கிலும் அவர் ஒரு புதிரைக் கண்டார். ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சினால் அது செழிப்பின் அடையாளம் என்பது பொதுவான எண்ணம். இந்தியாவின் ஏற்றுமதி ஆண்டுதோறும் மிஞ்சியே இருந்தது. அப்படியானால் மிகுதிக்கு ஈடான பொன்னும் வெள்ளியும் நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். பொன் வெள்ளி இறக்குமதியைச் சேர்த்த பின்னும் கணக்கு ஒட்டவில்லை. பண்டம் சென்றது, விலை வரவில்லை.

எப்படி? இலண்டனில் இருந்த இந்தியா அமைச்சர் ‘கவுன்சில் பில்’ என்னும் உண்டியலை விற்றுவந்தார். (காணிக்கைப் பெட்டியைச் சொல்லவில்லை, பணம் மாற்றும் பத்திரத்துக்கும் நம் வணிகர் உண்டியல் என்றே பெயர் வைத்திருந்தனர்.) இந்தியக் கோதுமையோ பருத்தியோ வேண்டுவோர் இலண்டனில் பவுண்டு செலுத்தி அதனை வாங்குவர். கல்கத்தாவில் அதைக் கொடுத்தால் அரசுக் கருவூலம் ரூபாய் வழங்கும். அந்த ரூபாயால் உழவரின் விளைச்சல் வாங்கப்படும். கருவூலத்துக்கு அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? அதே உழவர் கட்டிய நிலவரியிலிருந்து. இலண்டனில் சேர்ந்த பவுண்டோ, ஓய்வூதியத்துக்கும் கடன் வட்டிக்கும் அலுவலகச் செலவுக்கும் அங்கேயே கழிந்தது. உழவர் தம் நெல்லுக்குத் தாமே விலை கொடுத்துக்கொண்டார் என்பதே இதன் பொருள். நம் பள்ளிப் பாடநூல்களில் ‘செல்வச் சுரண்டல்’ என்று இரண்டு வரியில் முடிந்துபோவது இதுதான்.

ஆட்சியாளர் வாளாவிருக்கவில்லை. நிதி உறுப்பினர் ஈவ்லின் பாரிங் 1882இல் தலைக்கு 27 ரூபாய் என்று அறிவித்தார். கணக்கின் விவரத்தை நௌரோஜி கேட்டபோது அது தரப்படவில்லை. 1901இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். ஆக, முன்னேற்றம்! அதே ஆண்டில் வில்லியம் டிக்பி தம் பெருநூலில், ஏறக்குறைய 18 ரூபாய்தான் என்று மறுத்தார். டிக்பி நமக்கு அயலார் அல்லர். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்து, பஞ்ச நிவாரணக் குழுவின் செயலாளராக நம் மண்ணில் பணியாற்றியவர்.

20, 27, 30 என்று ஏறும் இந்த வரிசையை இன்னொரு முறை பார்ப்போம். நௌரோஜி கணக்கிட்ட காலத்தில் ஒரு பவுண்டுக்கு 10 ரூபாய். வெள்ளியின் விலை சரிந்து, 1899 அளவில் அது 15 ரூபாயாயிற்று. ஆகவே கர்சனின் 30 ரூபாயைப் பவுண்டில் சொன்னால் மீண்டும் அதே 2 பவுண்டு! ரூபாயில் பார்த்தால் பாதிக்குப் பாதி வளர்ச்சி. பவுண்டில் பார்த்தால் ஓர் அடிகூட நகரவில்லை. இடையில் தானிய விலை என்னவாயிற்று என்பதைச் சேர்க்காமல் இரண்டையும் நம்ப இயலாது. நாடுகளின் வருமானத்தை டாலரில் மாற்றி ஒப்பிடுவோர் இன்றும் தடுக்கி விழும் இடம் இது.

நௌரோஜியின் கணக்கும் குறையற்றதன்று. கையால் தொட்டறியும் பண்டத்தை மட்டுமே அவர் உற்பத்தி என ஏற்றார். வழக்குரைஞர், ஆசிரியர், அதிகாரி ஆகியோரின் ஊதியம் உழவர் விளைத்ததில் பங்குதான் என்பது அவர் கருத்து. இன்றைய முறைப்படி இது பிழை; ஆயினும் சோவியத் நாடு 1980களின் பிற்பகுதி வரை ஏறத்தாழ இவ்வாறே கணக்கிட்டது. அவர் கண்ட எண் மெய்யளவிலும் குறைவு என்றும், வெளியேறிய செல்வத்தின் அளவை அவர் மிகைப்படுத்தினார் என்றும் பிற்காலப் பொருளாதார வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இருக்கலாம். வீட்டில் நெல் குத்திய பெண்களின் உழைப்பு அவர் கணக்கிலும் இல்லை, அவரை மறுத்தவர் கணக்கிலும் இல்லை. இது என் மனத்தில் எப்போதும் உறுத்தும் ஒன்று.

முறையான கணக்கைத் தந்தவர் வி.கே.ஆர்.வி. ராவ். 1931-32ஆம் ஆண்டுக்குத் தலைவீத வருமானம் 62 ரூபாய் என்று கண்ட அவர், அந்தச் சராசரியையும் பிரித்துக் காட்டினார்: நகரத்தார்க்கு 166 ரூபாய், சிற்றூரார்க்கு 51 ரூபாய்.

விடுதலைக்குப் பின், 1949இல் அரசு தேசிய வருமானக் குழுவை அமைத்தது. மகலனோபிஸ் தலைவர், காட்கிலும் ராவும் உறுப்பினர், சைமன் குஸ்நெட்ஸ், ரிச்சர்ட் ஸ்டோன் முதலியோர் வெளிநாட்டு ஆலோசகர். 1948-49ஆம் ஆண்டுக்குத் தலைவீத வருமானம் 255 ரூபாய் என்று குழு 1951இல் அறிவித்தது. பின்னும் தகவல்களைத் திரட்டிச் சரிபார்த்து, 1954இல் இறுதி அறிக்கையில் அதனை 246 ரூபாய் 90 காசு என்று தானே திருத்திக்கொண்டது. கணக்கின் விவரங்கள் அனைத்தும் அந்த அறிக்கையிலேயே அச்சிடப்பட்டிருந்தன.