இரண்டாம் முறை புலம்பெயர்ந்தோர்

தமிழகத்தின் பல நகரங்களில் ‘ரெப்கோ வங்கி’ என்னும் பெயர்ப்பலகையை நாம் கண்டிருப்போம். அங்கே நகைக்கடன் பெறுவோரிலும் வைப்புநிதி இடுவோரிலும் பலர் அப்பெயரின் பொருளை அறியார். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து சேர்ந்த தமிழரின் மறுவாழ்வுக்கென 1969-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட கூட்டுறவு வங்கி அது. அம்மக்களுக்கு அரசு ஏடுகள் சூட்டிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. கேட்பதற்கு இனிய பெயர்தான். ஆயினும் ஒரு வினா எழுகிறது. பிறந்ததும் வளர்ந்ததும் பெற்றோரைப் புதைத்ததும் வேறொரு மண்ணில் என்றால், தாம் ஒருநாளும் கண்டிராத நாட்டுக்கு ஒருவர் ‘திரும்புவது’ எங்ஙனம்?

இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு 1820-களில் தொடங்குகிறது. கண்டிச் சீமையில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களை அமைத்தபோது வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளில் நிலமின்றியும் பஞ்சத்தாலும் வாடியோரைக் கங்காணிகள் திரட்டிச் சென்றனர். கடலைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களுள், காலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் தோட்டப்பயிராக வளர்க்கத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காப்பி பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்டது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கேட்டது. வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்ட குடிகளானது இவ்வாறே. கங்காணியின் கடன் கணக்கைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு, 1921-இல் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியைக் கடனோடு கட்டிவைத்திருந்தது.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாட்டில் பிறந்தவரேயாயினும், தந்தை வழியாக அல்லது பாட்டன், பூட்டன் வழியாகத் தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்து அறையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? அடுத்த ஆண்டுச் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் தரப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். எஞ்சியோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லர் ஆயினர்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. 1974-இல் அந்த மீதியும் சரிபாதியாக, 75,000 என்றும் 75,000 என்றும், பிரிக்கப்பட்டது. சந்தையில் தானியம் அளப்பதுபோல் மனிதரை அளந்தனர். அளக்கப்பட்டோரை அழைத்து எவரும் கருத்துக் கேட்கவில்லை.

அதே 1964-இன் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. முன்னோர் கப்பலேறிய துறைகளுள் ஒன்றே இல்லாது போயிற்று. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு, 1984-இல் கப்பல் நிற்கும் வரை, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திறங்கினர். 1970-களின் உணவுப் பஞ்சமும், 1977-லும் 1983-லும் மூண்ட வன்செயல்களும் பலரைத் துரத்தின. காலப்போக்கில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வந்து சேர்ந்தனர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று.

அவர்களுள் ஒரு பகுதியினருக்காக 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களில் மீண்டும் காடு வெட்டினர். மீண்டும் நாற்று நட்டனர். மீண்டும் வரிசை வீடுகளில் குடியேறினர். கொழுந்து கிள்ளும் கை ஒன்றே; மலை மட்டுமே வேறு. அம்மலைகளில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், முதியோரின் திண்ணைகளில் அமர்ந்து அவர்கள் கதைகளைக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் தப்பு முழங்கியதும் பெரட்டுக் களத்துக்கு ஓடியது, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மழையில் மலையேறியது, காலில் அட்டை கடித்தது, கணக்கப்பிள்ளை கொழுந்தின் எடையில் குறைத்தது, மாலையில் லயத்து அடுப்பில் சுட்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், ஊரே கூடி விழித்திருந்து பார்த்த காமன் கூத்து. துன்பமும் இனிமையும் ஒரே மூச்சில் வெளிவரும்.

ஒரு மூதாட்டி பேச்சுக்குப் பேச்சு ‘எங்க ஊரு’ என்பார். எந்த ஊரைச் சொல்கிறீர்கள் பாட்டி என்று கேட்டேன். “அந்த மலைதான் சாமி. இங்க வந்தது பொழைக்க, அதுதான் ஊரு” என்றார். அரசு ஏடு எழுதியதை அவர் தலைகீழாகப் புரட்டிவிட்டார். ஏட்டின்படி பிழைக்கப்போன இடம் அது. திரும்பிவந்த ஊர் இது. அவருடைய வாழ்வின்படியோ, தாயகம் திரும்புதல் என்பதே இரண்டாவது புலம்பெயர்தல்.

விவிலியத்தில், எகிப்திலிருந்து விடுவிக்கப்பட்ட மக்கள் பாலைநிலத்தில் நின்று, தாங்கள் அங்கே உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுததாகப் படிக்கிறோம். மறையுரைகளில் அது நன்றிகெட்ட முணுமுணுப்பு என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. முணுமுணுப்புத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடிமை செய்த நிலத்திலும் தாய் சமைத்துப் போட்ட சோறு உண்டு. உடன் விளையாடிய தோழர் உண்டு. கண்ணீரோடு மண்ணிட்ட கல்லறை உண்டு. அவற்றை நினைப்பவர் அடிமைத்தளையை விரும்புகிறார் என்பதில்லை. தம் வாழ்வில் ஒரு பாதி பொய்யன்று எனச் சான்று பகர்கிறார். வந்த நாட்டுக்கு நன்றியும் விட்ட நாட்டின் மேல் ஏக்கமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும். ஏக்கத்தைக் கைவிட்டால்தான் எம்மவராய் ஏற்போம் என்று கேட்பது அறமாகாது.

நாம் அவ்வாறு வாய்விட்டுக் கேட்பதில்லை. எனினும் இங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளையும் ‘சிலோன்காரர்’ என்று சுட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்! அவர்கள் நட்டு வளர்த்த நீலகிரித் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித்தர 2022-இல் அரசு முடிவு செய்தபோது, வேலையோடு வீடும் போகுமோ என்னும் பழைய அச்சம் மூன்றாம் தலைமுறையைத் தொட்டது. தோட்டத்து வீடு வேலைக்கு உரிய வீடு. அது ஒருபோதும் குடியானவரின் சொந்தமானதில்லை.

அக்கரையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்துவைத்தது. 2023-இல், முன்னோர் வந்த இருநூறு ஆண்டுகளை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அம்முன்னோருக்கு இக்கரையிலும் வாரிசுகள் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

உடன்படிக்கையின் எண்கள் அரசு ஏடுகளில் பத்திரமாக உள்ளன. ரொட்டியின் மணமும் தப்பின் ஒலியும் எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றைச் சுமந்து வந்த தலைமுறை ஒவ்வொருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கிறது. இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், தம் பெற்றோரின் கல்லறை கடலுக்கு அப்பால் இருப்பதால், கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி ஏற்றும் முதியோரை நீங்கள் கண்டிருக்கக் கூடும். அடுத்த நவம்பரில் அருகே சென்று, அந்தத் திரி யாருக்கு என்று கேளுங்கள். சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதியும் வையுங்கள்.