பூட்டியிருக்கிறதா, இல்லையா?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸில் மாட்டி, எச்டிபார்ம் கட்டளையால் விசாரித்தால், பாதுகாப்புப் பகுதியில் சப்போர்ட்டட், எனேபிள்ட், லாக்டு, ஃப்ரோஸன் என்று நிலைகள் வரும். முன்னால் ஒரு 'நாட்' இருக்கும் அல்லது இருக்காது.

ஹார்டு டிஸ்க்குகளுக்கான ஏடிஏ தரத்தில் இவை, டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் தகவலில் 128-ஆம் சொல்லின் பிட்டுகள். எனேபிள்ட் என்றால் யூசர் பாஸ்வேர்டு வைத்தாகிவிட்டது. லாக்டு என்றால் இப்போது படிக்க முடியாது. பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தபின் முதலாவது 1, இரண்டாவது 0. சூளையில் வளைந்த கோன், உள்ளே நடந்து முடிந்த வெப்ப வேலையைச் சொல்லும்; பைரோமீட்டர் இந்த நிமிடத்துச் சூட்டைச் சொல்லும். எனேபிள்ட் கோன் மாதிரி, லாக்டு பைரோமீட்டர் மாதிரி; வித்தியாசம் அவ்வளவுதான்.

பலரைக் கலங்கடிப்பது ஃப்ரோஸன். பாஸ்வேர்டே இல்லாத டிஸ்க்கிலும் அது வரும். மால்வேர் எதுவும் பாஸ்வேர்டு வைத்துவிடக் கூடாதென்று பெரும்பாலும் பயாஸே பூட் ஆகும்போது அப்படிச் செய்கிறது. படிக்க எந்தத் தடையும் இல்லை. பாதுகாப்பு அமைப்பை மாற்றவும், அதன் கட்டளையால் டிஸ்க்கை அழிக்கவும்தான் முடியாது. ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பல கம்ப்யூட்டர்களில் சரியாகிவிடும்.

ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் 2009-இல் வெளியிட்ட ஓபல் என்ற டிஸ்க் பூட்டுத் தரத்திலும் இந்தப் பெயர்களில் சில இருக்கின்றன. ஆனால் அங்கே எனேபிள்ட் என்றால் பூட்டும் வசதியை முடுக்கியாயிற்று என்பது மட்டுமே. ஒரு பகுதிகூடப் பூட்டாமல் இருக்கலாம். லாக்டு என்றால் ஏதோ ஒரு பகுதியாவது பூட்டியிருக்கிறது. ஏடிஏவில் இருப்பதுபோல முழு டிஸ்க்கும் பூட்டியிருக்க வேண்டியதில்லை. எந்தப் பகுதி என்று கேட்டால் அட்மின் பாஸ்வேர்டைக் கொண்டுவா என்கிறது.

இரண்டும் உரசுகிற இடம்தான் வில்லங்கம். ஓபல் பூட்டை முடுக்கியதும் ஏடிஏவின் சப்போர்ட்டட் பிட் 0 ஆகிவிடும். பாதுகாப்பே கிடையாது என்று திரையைப் பார்த்தவர் முடிவுகட்டுவார். ஏடிஏ பொய் சொல்லவில்லை, தன் பூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறது. இரண்டில் ஏடிஏவையே நான் மன்னிப்பேன்; அதன் லாக்டுக்கு ஒரே அர்த்தம். பழகிய பெயரை வேறு பொருளில் எடுத்தாண்டது பின்னால் வந்த ஓபல்தான்.

'நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் டிஸ்க்கின் லேபிளைப் பாருங்கள். பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து அச்சிட்டிருந்தால், செட்யூட்டில் என்ற கருவியைக் கொண்டு ஓபலையும் விசாரிக்க வேண்டும். அந்த 32 எழுத்தைக் கொடுத்தால் பூட்டு போகும், கணக்கும் சேர்ந்தே போகும்.