நோயியல் ஆராய்ச்சியும் அதன் முன்பாடங்களும்

சில திங்களுக்கு முன் ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். நோயியலில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற விரும்பி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் பெற்றிருந்தவர். அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டிலும் சலிப்பே மிகுந்திருந்தது. "ஐயா, நான் ஆராய்ச்சி செய்யப் போகிறேனா, மறுபடியும் பள்ளிக்கூடத்திற்குப் போகிறேனா என்பதே விளங்கவில்லை. திசுவியல், உயிர்வேதியியல், புள்ளியியல், ஆய்வு நெறி என்று வரிசையாகப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் தேர்வு, அவற்றின் பின் தகுதி காண ஒரு பெருந்தேர்வு. இவையெல்லாம் முடிந்த பிறகே முழுநேரமும் ஆய்வில் ஈடுபடலாமாம். இரண்டு ஆண்டுகள் வீணாகின்றனவே!" என்றார்.

அன்று அவருக்கு ஏதோ ஆறுதல் கூறி அனுப்பினேன். அந்த விடை அவருக்கு நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை. ஆராய்ச்சிக்கு முன் பாடம் எதற்கு என்னும் கேள்விக்கு வரலாறு ஒன்றே தக்க விடை கூறும் என்று பின்னர்த் தோன்றியது. அந்த விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நோயியல் என்பது யாது? நோய் உடலில் எங்கே குடிகொள்கிறது, எதனால் தொடங்குகிறது, எந்த உறுப்பை எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராயும் துறையே அது. இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் இத்தாலி நாட்டுப் படுவா நகரப் பேராசிரியர் மொர்காஞி. 1761-ஆம் ஆண்டில், தம் 79-ஆம் வயதில், சுமார் 700 நோயாளிகளின் வரலாற்றையும் அவர்கள் இறந்த பின் உடலை அறுத்துக் கண்ட உண்மைகளையும் ஒருங்கே சேர்த்து நூலாக வெளியிட்டார். உடலில் ஓடும் நீர்மங்களின் ஏற்றத் தாழ்வே நோய் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்பி வந்த உலகத்திற்கு, நோய்க்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைக் கண்ணால் காணலாம் என்று காட்டியது அந்நூல்.

அவருக்குப் பின் வியன்னா நகரில் ரோகிடான்ஸ்கி தோன்றினார். அவர் தம் வாழ்நாளில் 30,000 பிரேதப் பரிசோதனைகள் செய்தவர் என்பர். அத்துணை உடல்களைக் கண்ட கண்கள் உலகில் வேறு எவருக்கும் அக்காலத்தில் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அவர் பெரும்பாலும் வெறுங்கண்ணையே நம்பினார். உறுப்புகளில் கண்ட மாற்றங்களுக்குக் காரணம் கூற முற்பட்டபோது, இரத்தத்தின் கலவை கெடுவதே நோய்க்கெல்லாம் மூலம் என்று ஒரு கொள்கையை வகுத்தார். பழைய நீர்மக் கொள்கை புதிய ஆடை உடுத்தி மீண்டும் வந்தது.

1846-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து இளைஞர் ஒருவர் அக்கொள்கையைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவர் பெயர் ருடால்ஃப் விர்ஹோ. அப்போது அவருக்கு வயது 25. சான்று இல்லாத இடத்தில் கற்பனை புகுந்துவிட்டது என்பது அவர் வாதம். ரோகிடான்ஸ்கி பெருமனம் படைத்தவர். பின்னர் வந்த தம் நூற்பதிப்பில் அக்கொள்கையைக் கைவிட்டார். விர்ஹோவோ, நுண்நோக்கியைத் துணைக்கொண்டு 1858-ஆம் ஆண்டில் 20 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நோய் என்பது உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்று அவற்றில் நிலைநாட்டினார். முப்பதினாயிரம் உடல்களைக் கண்டவரும் தவறியது ஏன்? உழைப்புக் குறைவால் அன்று. உயிரணுவைக் காணும் பயிற்சி இன்மையால். இன்று நோயியல் மாணவர் முதற்கண் திசுவியல் பயில வேண்டும் என்னும் விதியின் பின்னே நிற்கும் வரலாறு இதுவே.

இனி, இப்பாடங்கள் ஓர் ஒழுங்கான படிக்கட்டாக அமைந்த கதையைக் காண்போம். அமெரிக்க நாட்டு மருத்துவர் வில்லியம் வெல்ச் 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளுக்குக் கல்வி கற்கச் சென்றார். அவர் எடுத்த எடுப்பில் நோயை ஆராயப் புகவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வால்டயரிடம் நலமுள்ள திசுக்களின் அமைப்பைக் கற்றார்; ஹோப்பே சைலரிடம் உடலின் வேதியியலைக் கற்றார். லைப்சிக் நகரில் லுட்விக் என்பாரிடம் உடலியங்கியல் பயின்றார். அதன் பின்னரே பிரெஸ்லாவ் நகரில் கோன்ஹைம் என்னும் நோயியல் அறிஞரை அடைந்து, நுரையீரலில் நீர் கோப்பது எவ்வாறு என்னும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அந்நாளைய ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் இன்ன பாடத்தை இன்ன வரிசையில் கற்றே தீரவேண்டும் என்று ஆய்வாளரைக் கட்டுப்படுத்தும் வழக்கம் இல்லை. மாணவர் விரும்பிய ஆசிரியரை நாடிச் செல்லலாம். வெல்ச் தமக்குத் தாமே பாடத்திட்டம் வகுத்துக்கொண்டார் என்றே கூற வேண்டும். ஆனால் ஊர் ஊராகச் சென்று கற்கும் வசதியும் பொருளும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர் மூன்று நகரங்களில் தேடிப் பெற்றதைப் பின்வந்தோர் ஒரே கூரையின்கீழ்ப் பெறுமாறு செய்ததே அவருடைய பெருந்தொண்டு.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கலை அல்லது அறிவியலில் பட்டம் பெற்றவரே அதில் சேரலாம். பிரெஞ்சும் ஜெர்மானும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அக்கால அமெரிக்காவில் இது கேள்விப்படாத கண்டிப்பு. கல்லூரிக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் வழங்கிய மேரி எலிசபெத் காரெட் என்னும் பெருமாட்டியார், பெண்களையும் ஆண்களுக்கு நிகராகச் சேர்க்க வேண்டும், இந்த உயர்ந்த தகுதியையும் தளர்த்தக் கூடாது என்று நிபந்தனை விதித்துவிட்டார். "நாம் ஆசிரியர்களாக நுழைந்தது நல்லதாயிற்று, மாணவர்களாக வந்திருந்தால் நமக்கு இடம் கிடைத்திராது" என்ற பொருளில் வில்லியம் ஆஸ்லர் வெல்ச்சிடம் வேடிக்கையாகக் கூறினாராம்.

அக்கல்லூரி திறக்கும் முன்பே வெல்ச்சின் ஆய்வுக்கூடத்தில் நோயியலும் கிருமியியலும் கற்பிக்கப்பட்டு வந்தன. அங்கே 1890-ஆம் ஆண்டில், முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயதான ராணுவ மருத்துவர் ஒருவர் மாணவராக வந்து அமர்ந்தார். அவரே வால்டர் ரீட். பத்தாண்டுகள் கழித்து, 1900-ஆம் ஆண்டில், மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று கியூபாத் தீவில் மெய்ப்பித்த குழுவின் தலைவர் அவர். நடுவயதில் மீண்டும் பாடம் கற்க அவர் நாணவில்லை.

ஆய்வுக்கூடப் பாதுகாப்பு என்று ஒரு பாடம் உண்டு. கையுறை அணிவது எப்படி, கிருமிக் குடுவையைக் கையாள்வது எப்படி என்றெல்லாம் அதில் சொல்லித் தருவார்கள். இதுவும் ஒரு பாடமா என்று இளைஞர்கள் நகைப்பதுண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆசிரியராக இருந்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ், டைபஸ் காய்ச்சலை ஆராய மெக்சிகோ நகருக்குச் சென்றார். 1910-ஆம் ஆண்டில் அதே காய்ச்சலால் அங்கே இறந்தார். 1915-ஆம் ஆண்டில் அதே நோயை ஆராய்ந்த புரோவாசெக் என்னும் அறிஞரும் அதற்கே இரையானார். உடன் ஆராய்ந்த ரோஷா லிமாவும் நோயுற்றுப் பிழைத்தார். அவர் அந்தக் கிருமியைக் கண்டு விளக்கியபோது, இறந்த இருவரின் பெயர்களையும் இணைத்து ரிக்கெட்சியா புரோவாசெகி என்று அதற்குப் பெயர் சூட்டினார். கையுறைப் பாடத்தைக் கண்டு நகைப்போர் அந்தப் பெயரை ஒருமுறை மெல்ல உச்சரித்துப் பார்க்கட்டும்.

அடுத்தது புள்ளியியல். இவ்விடத்தில் என் பிழை ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறேன். நான் இளம் ஆய்வாளனாக இருந்தபோது, ஒரு மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைப் பல மாதங்கள் புரட்டினேன். கல்லீரல் சுருங்கி இறந்தவர்களின் இதயக் குழாய்களில் அடைப்புக் குறைவாக இருக்கக் கண்டேன். கல்லீரல் நோய் இதயத்தைக் காக்கிறது என்று முடிவு கட்டிக் கட்டுரையும் எழுதிவிட்டேன். புள்ளியியல் கற்பித்த முதியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "தம்பி, உன் மேசைக்கு வந்தவர்களைக் கணக்கிட்டாய். வாராதவர்களைக் கணக்கிட்டாயா? நீ ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். அவர்களே மிகுதி. இதய நோயால் இறந்தவர்களோடு ஒப்பிட்டால், எவருடைய இதயமும் நலமாகத்தான் தோன்றும்!

"வருந்தாதே, இக்குழியில் விழுந்தவர்களில் நீ முதல்வன் அல்லை" என்று கூறி, அவர் ரேமண்ட் பேர்ல் என்பாரின் கதையைச் சொன்னார். பேர்ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய பேரறிஞர். அதுவும் புள்ளியியலிலேயே வல்லவர். 1929-ஆம் ஆண்டில் அவர் அங்குள்ள பிரேதப் பரிசோதனைப் பதிவுகளிலிருந்து புற்றுநோய் கண்ட 816 பேரையும், அந்நோய் இல்லாத 816 பேரையும் எடுத்து ஒப்பிட்டார். முதற்பிரிவில் 6.6 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் பிரிவில் 16.3 விழுக்காட்டினரிடமும் காசநோய் காணப்பட்டது. காசநோய் புற்றுநோயைத் தடுக்கிறது என்று முடிவு செய்தார். அம்மட்டோடு நிற்கவில்லை, காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்னும் பொருளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கவும் முற்பட்டார்கள். ஆனால் ஒப்பீட்டுக்கு எடுத்த இரண்டாம் பிரிவினரில் காசநோயாலேயே இறந்து அந்த மேசைக்கு வந்தவர்கள் மிகுதி. அதே ஆண்டில் வேறு இருவர் இதய நோயால் இறந்தோரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்து போயிற்று. இத்தகைய மயக்கம் எவ்வாறு பிறக்கிறது என்பதை 1946-ஆம் ஆண்டில் ஜோசப் பெர்க்சன் கணக்கு முறையில் விளக்கிக் காட்டினார். என் கட்டுரை அச்சேறாமல் போனது என் நற்பேறு. நோயாளிகளின் நற்பேறும் அதுவே.

இறுதியாக ஆய்வு நெறி. அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்னும் ஊரை ஒட்டி, 1932-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆடவரும், அந்நோய் இல்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். நோய் இன்னதென்று அவர்களுக்குக் கூறப்படவில்லை. இரத்தம் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். 1947-ஆம் ஆண்டளவில் பெனிசிலின் உரிய மருந்தாக நிலைபெற்ற பின்னும், அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. ஏன்? நோய் தன் போக்கில் சென்று உடலை என்ன செய்கிறது என்பதைப் பிரேதப் பரிசோதனையில் காண வேண்டுமாம்! அதற்கு இசைந்தால் ஈமச் செலவைத் தருவதாக அந்த ஏழைகளுக்கு வாக்களித்தனர். 1972-ஆம் ஆண்டில் செய்தி வெளியாகி நாடே வெட்கியது. ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதரைக் காக்க 1974-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பயிற்சி நிதி பெறுவோர் ஆய்வு நெறி கற்க வேண்டும் என்னும் விதி 1990-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

அன்பர்களே, இந்த டஸ்கிகீ ஆராய்ச்சியில் நம் துறைக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறக்க இயலாது. மொர்காஞி இறந்தவரை அறுத்தது உயிரோடு இருப்பவரைக் காப்பதற்காக. டஸ்கிகீயில் உயிரோடு இருந்தவர்களை, இறந்தபின் அறுப்பதற்காகவே காத்திருந்தார்கள். கருவி ஒன்றே; மேசையும் ஒன்றே. வேறுபாடு ஆய்வாளன் நெஞ்சில் இருக்கிறது. அந்த நெஞ்சுக்கும் பயிற்சி வேண்டும்.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டு விதிகளின் வாயிலாக, டாக்டர் பட்ட ஆய்வாளர் அனைவருக்கும் முன்பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடம் பயில வேண்டும்; ஆய்வு முறையும் ஆய்வு நெறியும் அவற்றில் அடங்கும்.

அந்த இளைஞரின் குறையில் நியாயமே இல்லையென்று நான் கூற மாட்டேன். பழுப்பேறிய குறிப்பேட்டை ஆண்டுதோறும் படித்துக்காட்டும் ஆசிரியரிடம் அகப்பட்டால், எந்தப் பாடமும் வீண்தான். பாடத்தை மட்டும் கொடுத்து, அது பிறந்த கதையை மறைத்துவிடுவது ஆசிரியராகிய எங்கள் குற்றம். திசுவியல் ஒரு பேரறிஞரின் பிழையிலிருந்து வந்தது. பாதுகாப்புப் பாடம் இருவரின் சாவிலிருந்து வந்தது. புள்ளியியல் ஒரு பொய்யான நம்பிக்கையிலிருந்து வந்தது. ஆய்வு நெறி நூற்றுக்கணக்கான ஏழைகளின் துயரிலிருந்து வந்தது. முன்னோர் கொடுத்த விலையை நாம் மீண்டும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இவை வகுக்கப்பட்டன.

அவ்விளைஞர் இப்போது கடல் கடந்து சென்று ஏதோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருப்பார். அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். "தம்பி, இரண்டு ஆண்டுகள் வீணாகவில்லை. உன் மேசைக்கு வருவோர் உன்னை நம்பி வருகிறார்கள். சிலர் இறந்தபின் வருகிறார்கள். அவர்களால் உன் பிழையைச் சுட்டிக்காட்ட முடியாது. அதற்காகத்தான் பாடம்" என்று அதில் எழுதினேன்.