பாரிஸுக்குப் போன வண்ணத்துப்பூச்சி

பால் புவாரே என்றொரு உடை வடிவமைப்பாளர் இருந்தார். கிமோனோவின் தளர்ந்த வெட்டை எடுத்து, பாரிஸ் சீமாட்டிகளுக்கு மேலங்கி தைத்த பிரெஞ்சுக்காரர். ஜப்பானின் கலையைப் பாரிஸ் தன் பெயரில் விற்ற காலம் அது. பின்னாளில் அதே பாரிஸில் தன் சொந்தப் பெயரில் கடை விரித்தார் ஒரு ஜப்பானியப் பெண், ஹனாயே மோரி.

1926-இல் ஷிமானே மாநிலத்தில் பிறந்தவர். 1951-இல் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் தையலகம் தொடங்கினார். சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். நூற்றுக்கணக்கான படங்களுக்கு அவரே உடை வடிவமைத்தார்.

1961 அவரைப் புரட்டிப்போட்டது. பாரிஸில் கோகோ ஷனேலைச் சந்தித்த உற்சாகத்தோடு நியூயார்க் போனார். அங்கே ஜப்பானியத் துணிகள் மலிவுச் சரக்காகக் கிடந்தன. மேடையில் புச்சினி இசையமைத்த ‘மேடம் பட்டர்ஃபிளை’ ஓபரா. அமெரிக்கக் கடற்படை அதிகாரியை நம்பி, கைவிடப்பட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் ஜப்பானியப் பெண்ணின் கதை. மோரியின் மனம் கொதித்தது. அந்த ஓபராவின் பெயரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சியையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். 1965-இல் நியூயார்க்கிலேயே தன் உடைகளை மேடையேற்றினார்.

அவருடைய மாலைநேர கவுன்களின் அழகு எங்கே இருக்கிறது? கிமோனோத் துணி ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமே உள்ள நீண்ட சுருள். அதை நேர்கோட்டில்தான் வெட்டுவார்கள். உடல் வளைவுக்காகத் துணியைக் குடைவதில்லை. விழாக்கால கிமோனோவில் பூவும் கிளையும் தையலைத் தாண்டி, ஒரே ஓவியமாகத் தோளிலிருந்து கீழ்விளிம்புவரை ஓடும். பிரெஞ்சுத் தையல் இதற்கு நேர் எதிர். தையல் பொம்மையின் மேல் துணியைப் போர்த்தி, மடித்து, டார்ட் என்னும் கூர்மடிப்புத் தையல் பிடித்து, உடலுக்கேற்ப உருவம் கொடுக்கும். மோரி பிரெஞ்சுக் கைத்திறனை முழுதாக ஏற்றார். ஓவியத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மெல்லிய பட்டு ஷிஃபானில் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தடையின்றிப் படர்ந்தன. ஒரு மரபு மற்றதற்கு ஒப்புக்கு வைத்த அலங்காரமாகிவிடாத உடைகள் உலகில் அரிது. இவை அந்த அரிய வகை என்பேன்.

1977-இல் பாரிஸில் உயர்தரத் தையலகம் திறந்தார். 1868-இல் தோன்றிய பிரெஞ்சு ஓட் கூத்யூர் (உயர்தரத் தையல்) சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த வாசலைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான். 1985-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கு ‘மேடம் பட்டர்ஃபிளை’க்கு உடை வடிவமைக்க அவரையே அழைத்தது! 2004-இல் ஓய்வுபெற்றார், 2022-இல் 96 வயதில் மறைந்தார்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகள் இருக்கின்றன. பார்க்க வாய்த்தால், தையல் ஓடும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். அங்கே பூ துண்டுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.