யாருடைய ஊழியர்? அயர்லாந்துத் தேசியப் பள்ளிகளில் பொதுநிலை ஆசிரியரும் பொறுப்பு நழுவிய வரலாறும் (1831–2025)

கத்தோலிக்க நிறுவனங்களில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் வன்முறை என்றதும் நம் மனம் குருக்களையும் துறவிகளையும் நோக்கிப் போகிறது. அயர்லாந்தில் இந்தக் கொடுமைக்கு அரசும் பொறுப்பு என்று நிலைநாட்டிய வழக்கில் குற்றவாளி குருவும் இல்லை, துறவியும் இல்லை. கார்க் மாவட்டத்தில் கின்சேல் நகருக்கு அருகிலுள்ள டண்டரோ என்ற சிற்றூரின் தேசியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் அவர், திருமணமானவர், பொதுநிலையினர். இத்தகைய ஆசிரியரைக் கண்காணிக்கும் கடமை அரசுக்கா, திருச்சபைக்கா என்ற கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் விடையில்லாமல் கிடந்தது. அது தற்செயலாக நேரவில்லை, இரு தரப்புக்கும் வசதியாக இருந்ததால் அப்படியே விடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சம்பளம் ஒரு கை, நியமனம் இன்னொரு கை

1831இல் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த எட்வர்ட் ஸ்டான்லி எழுதிய கடிதமே தேசியப் பள்ளிகளின் தொடக்கம். கத்தோலிக்கக் குழந்தையும் புராட்டஸ்டன்ட் குழந்தையும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எந்தத் திருச்சபையும் அதை முழுமனதோடு ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பள்ளிகள் நடைமுறையில் சமயவாரியாகப் பிரிந்துவிட்டன.

அப்போது உருவான அமைப்பு, அரசு உதவி பெறும் பள்ளிகளை அறிந்த தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. பள்ளியின் புரவலர் மறைமாவட்ட ஆயர். அவர் சார்பில் நிர்வாகம் பார்ப்பவர் பங்குத்தந்தை. நம் வழக்கில் சொன்னால் தாளாளர். ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருந்தன. சம்பளம், பாடத்திட்டம், விதிமுறை, ஆய்வாளர் எல்லாம் அரசினுடையவை. தாளாளர் ஓர் ஆசிரியரை நீக்க வேண்டுமானால் ஆயரின் ஒப்புதல் வேண்டும் என்று 1894இல் மேனூத்தில் ஆயர்கள் தீர்மானித்தார்கள். தாளாளர்களின் தன்னிச்சைக்கு எதிராக ஆசிரியர் சங்கம் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. அந்த அளவில் நியாயமானதும்கூட. ஆனால் பொதுநிலை ஆசிரியரின் வேலை யார் கையில் இருந்தது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்த ஏற்பாட்டுக்கு முத்திரை வைத்தது. 42ஆம் பிரிவின்படி, இலவசத் தொடக்கக் கல்வி கிடைப்பதற்கு அரசு வழிவகை செய்ய வேண்டும். தானே கல்வி வழங்க வேண்டும் என்று அங்கே இல்லை. ஐரிஷ் மொழி வாசகமும் ‘ஏற்பாடு செய்தல்’ என்ற பொருளையே தருகிறது. எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணின் வழக்கை உச்ச நீதிமன்றத்தில் தோற்கடிக்க உதவியது இந்தச் சொல் வேறுபாடுதான்.

ஆசிரியர்கள் மீது அரசுக்குப் பிடியே இல்லை என்ற வாதத்தையும் இங்கேயே சோதித்துவிடலாம். பெண் ஆசிரியர்கள் திருமணமானதும் வேலையை விட வேண்டும் என்ற விதியை 1934இல் நடைமுறைப்படுத்தியது இதே அரசுதான். 1958 வரை அந்த விதி நீடித்தது. ஆசிரியையின் திருமணம் வரைக்கும் நீண்ட கை அது. ஒழுங்கீனமான ஆசிரியரின் அங்கீகாரத்தைப் பறிக்கும் அதிகாரமும் தேசியப் பள்ளி விதிகளின்படி அமைச்சருக்கு இருந்தது. அதிகாரம் இருந்தது, குழந்தையின் முறையீடு அந்த அதிகாரத்தை எட்டுவதற்குத்தான் பாதை போடப்படவில்லை.

தெரியாது என்று சொல்ல இடமில்லை

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1930இல் நியமிக்கப்பட்ட கேரிகன் குழு, பாலியல் குற்றங்கள் குறித்த தன் அறிக்கையை 1931இல் அரசிடம் கொடுத்தது. காவல்துறைத் தலைவர் ஓயின் ஓடஃபி அந்தக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். சிறுமியருக்கு எதிரான குற்றங்கள் பெருகி வருவதாகவும், அவற்றில் 15 விழுக்காடுகூட வழக்காக மாறுவதில்லை என்றும் அவர் சொன்னார். அரசு அறிக்கையை வெளியிடாமல் வைத்துவிட்டது. சட்டம் 1935இல் திருத்தப்பட்டது. அறிக்கையைத்தான் மக்கள் கண்ணில் காட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டு முழுக்க இத்தகைய வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டே இருந்ததை வரலாற்றாசிரியர் டயர்மிட் ஃபெரிட்டர் பின்னாளில் ஆவணங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார்.

டண்டரோ, 1971–1973

1970 மே 6 அன்று கல்வித் துறை ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. ஆசிரியர் மீது புகார் இருந்தால் பெற்றோர் முதலில் பள்ளித் தாளாளரை அணுக வேண்டும் என்றது அது. அடுத்த ஆண்டே டண்டரோவில் ஒரு பெற்றோர் அப்படியே செய்தார். தலைமையாசிரியர் தம் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டதாகத் தாளாளர் பொறுப்பிலிருந்த குருவிடம் சொன்னார். அந்தப் புகார் காவல்துறைக்கும் போகவில்லை, கல்வித் துறைக்கும் போகவில்லை. தலைமையாசிரியர் வழக்கம்போல வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

1973இன் முதல் மாதங்களில் லூயிஸ் ஓகீஃப் என்ற சிறுமிக்கு எட்டு வயது. இசைப் பாடத்துக்கென்று வகுப்பறைக்கு அழைத்துத் தலைமையாசிரியர் அந்தக் குழந்தையிடம் அத்துமீறினார். ஏறத்தாழ இருபது முறை அது நடந்தது. 1969 முதல் 1973 வரை அரசு ஆய்வாளர் அந்தப் பள்ளிக்கு ஆறு முறை வந்து போனார். ஆசிரியர் பாடம் நடத்தும் தரத்தைப் பார்ப்பது அவர் வேலை. ஒரு குழந்தையோ பெற்றோரோ அவரிடம் போய்ப் பேசலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை, யாரும் பேசவுமில்லை.

1973இல் இன்னொரு குடும்பத்திலிருந்து புகார் வந்ததும் பெற்றோர் கூட்டம் கூடியது. தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் போனார். செப்டம்பரில் பதவி விலகினார். 1974 ஜனவரியில் தாளாளர் கல்வித் துறைக்குத் தெரிவித்த தகவலில் இரண்டு செய்திகள் இருந்தன: அவர் விலகிவிட்டார், வேறொரு தேசியப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். ஏன் விலகினார் என்பது அதில் இல்லை. அந்த இரண்டாவது பள்ளியில் அவர் 1995 வரை பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். அந்த இருபத்தோரு ஆண்டுகளை நினைக்கும்போதுதான் மனம் ஆறவில்லை.

இது ஒற்றை மனிதரின் கதையும் அல்ல. நிறுவனங்களில் குழந்தைகள் மீது நடந்த வன்முறையை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ரையன் அறிக்கை ஒரு முழு அத்தியாயத்தையே, ஜான் பிராண்டர் என்று மாற்றுப் பெயரிட்ட ஓர் ஆசிரியருக்கு ஒதுக்கியது. துறவற சபையை விட்டு விலகிப் பொதுநிலை ஆசிரியராகப் பள்ளி பள்ளியாக மாறிய அந்த மனிதரின் பணிக்காலம் மொத்தம் நாற்பது ஆண்டுகள். ஓரிடத்தில் முணுமுணுப்பு எழுந்தால் இன்னோர் இடம் கிடைத்தது.

டப்ளினிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வரை

1990களின் நடுவில் டண்டரோவின் இன்னொரு முன்னாள் மாணவி புகார் அளித்தபின் காவல்துறை விசாரணை தொடங்கியது. 21 முன்னாள் மாணவியர் தொடர்பாக 386 குற்றச்சாட்டுகள் பதிவாயின. 1998இல் அவற்றில் மாதிரியாக எடுக்கப்பட்ட 21 குற்றங்களை அந்த முன்னாள் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அதே ஆண்டு ஓகீஃப், குற்றவாளியோடு சேர்த்துக் கல்வி அமைச்சர் மீதும் அரசின் மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்தார். குற்றவாளி 3 லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 2006இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அரசுக்குப் பொறுப்பில்லை என்றது. 2008 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆசிரியரை நியமித்தவர் தாளாளர், பள்ளியை நடத்தியது திருச்சபை, அரசு பணம் மட்டுமே கொடுத்தது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். மாறுபட்ட ஒரே நீதிபதி கீகன், அரசும் திருச்சபையும் கூட்டாக நடத்திய முயற்சி இது என்று கருதினார். வரலாற்றுக்கு நெருக்கமாக நின்றது அவர் பார்வைதான் என்பேன். தீர்ப்பு வந்ததும், இதேபோல வழக்குத் தொடுத்திருந்த மற்றவர்களுக்கு அரசுத் தரப்பிலிருந்து கடிதங்கள் போயின: வழக்கைத் திரும்பப் பெறுங்கள், இல்லையென்றால் செலவுத் தொகை கேட்போம் என்று. பலர் பின்வாங்கினார்கள்.

ஓகீஃப் பின்வாங்கவில்லை. 2014 ஜனவரி 28 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து குழந்தையைக் காக்கும் கடமையை, பள்ளி நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்ததால் அரசு கைகழுவிவிட முடியாது என்றது நீதிமன்றம். குழந்தையும் பெற்றோரும் அரசை நேரடியாக அணுக வழியில்லாமல் வைத்ததே குற்றம் என்றது. கேரிகன் அறிக்கையும் ஓடஃபியின் சாட்சியமும் அங்கே மறுபடி பேசப்பட்டன. மாறுபட்ட நீதிபதிகள், 1973ஐ இன்றைய அறிவால் அளக்கிறீர்கள் என்றார்கள். எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய எச்சரிக்கை அல்ல அது. ஆனால் 1931இலேயே எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்த அரசுக்கு அது பொருந்தாது.

மீண்டும் இடுக்கு

நிறுவனங்களில் குழந்தைகள் பட்ட கொடுமைக்காக 1999இல் அரசு மன்னிப்புக் கேட்டது; 2002இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அது தங்கிப் படித்த, தங்க வைக்கப்பட்ட நிறுவனங்களுக்கானது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பிய பிள்ளைகளை அது சேர்க்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புக்குப் பின் வந்த கருணைத் தொகைத் திட்டத்தில் 84,000 யூரோ வரை கிடைக்கும் என்றார்கள். அதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள்: அதே ஆசிரியர் மீது ஏற்கெனவே புகார் இருந்ததை நிரூபிக்க வேண்டும். புகார் சொல்ல வழியே வைக்காமல், புகார் எங்கே என்று கேட்டது அரசு. ஓய்வுபெற்ற நீதிபதி இயர்லா ஓநீல் இந்த நிபந்தனை தீர்ப்புக்கே முரணானது என்று 2019 ஜூலையில் முடிவு சொன்னார். பிரதமர் லியோ வரத்கர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2021இல் திட்டம் திருத்தப்பட்டபோதும், ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருந்தவர்களுக்கு மட்டும் என்று புதிய வேலி போட்டார்கள்.

2024 செப்டம்பரில் வெளியான, மூத்த வழக்கறிஞர் மேரி ஓடூலின் முதற்கட்ட அறிக்கை 308 பள்ளிகளில் 2,395 குற்றச்சாட்டுகளையும், குற்றம் சாட்டப்பட்ட 884 பேரையும் பதிவு செய்தது. அவர் ஆராய்ந்தவை துறவற சபைகள் நடத்திய பள்ளிகள் மட்டுமே. பங்குத்தந்தை தாளாளராக இருந்து, பொதுநிலை ஆசிரியர் பாடம் நடத்திய டண்டரோ போன்ற சாதாரண ஊர்ப் பள்ளிகள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன.

2025 ஜூலையில், ஓடூலின் அறிக்கையைத் தொடர்ந்து அமையவிருந்த விசாரணை ஆணையத்தின் வரம்பை எல்லாப் பள்ளிகளுக்கும் நீட்டிக்க அயர்லாந்து அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. டண்டரோவில் ஒரு பெற்றோர் தாளாளரிடம் போய்ப் புகார் சொல்லி அப்போது 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.