பனிக்கட்டி மேல் ஒரு தச்சரின் கோபம்

போன சித்திரையில் மோட்டார் காயில் எரிஞ்சப்போ, கையிலிருந்த ஸ்பேனரைக் கிணத்துக்குள்ள வீசிட்டேன். காயில் கட்டுற செலவோட ஸ்பேனர் செலவும் சேர்ந்தது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம, மகன் வாங்கி வச்சிருந்த ஷாக்கிள்டன் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் வர்ற கப்பல் தச்சர் இன்னும் மனசை விட்டுப் போகலை.

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1914-ல் தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்க 'என்டியூரன்ஸ்' கப்பலில் கிளம்பினார். 1915 ஜனவரியில் வெடல் கடல் பனியில் கப்பல் மாட்டிக்கொண்டது. அக்டோபரில் பனி நெருக்கி அதை நொறுக்கியது. 28 பேரும் பனி மேலேயே கூடாரம் போட்டார்கள்.

தச்சர் பேர் ஹாரி மெக்நிஷ். அவருக்கு ஒரு பூனை உண்டு. இந்த நிலைமையில் வச்சுக் காப்பாத்த முடியாதுன்னு அதையும் நாய்க்குட்டிகளையும் சுடச் சொல்லிட்டார் தலைவர். டிசம்பர் கடைசியில் படகுகளைச் சறுக்குவண்டியில் ஏத்தி, ஆளுங்களே கயிறு போட்டு இழுத்தாங்க. கால் புதையுற ஈரப் பனி. மெக்நிஷ் ஒரு நாள் நின்னுட்டார். கப்பலே முழுகிப் போச்சு, அதோட ஒப்பந்தமும் முடிஞ்சது, இனிமே உத்தரவுக்குக் கட்டுப்பட மாட்டேன்னுட்டார்.

ஷாக்கிள்டன் எல்லாரையும் கூட்டி ஒப்பந்தத்தை வாசிச்சுக் காட்டினார். கரை சேர்ற வரைக்கும் சம்பளம் உண்டு, கட்டுப்பாடும் உண்டுன்னார். தச்சர் திரும்பவும் கயிறைப் பிடிச்சார். ரெண்டு மூணு நாளில் அந்த இழுப்பையே நிறுத்த வேண்டி வந்தது. அப்போ தச்சர் சொன்னதிலும் நியாயம் இருந்திருக்கு, இல்லையா?

முணுமுணுக்கிறவங்களைத் தன் கூடாரத்திலேயே படுக்க வச்சுக்குவாராம் ஷாக்கிள்டன். எங்கப்பாவும் முரட்டுக் காளையைத் தனியா கட்ட மாட்டார்; பழகின காளையோட ஜோடி சேர்த்துத்தான் ஏர்ல பூட்டுவார். 1916 ஏப்ரலில் எலிஃபன்ட் தீவிலிருந்து உதவி தேடிக் கிளம்பின சின்னப் படகில் 6 பேர். அதில் ஒருத்தர் மெக்நிஷ். பக்கப் பலகையை உயர்த்தி, மேலே கித்தான் மூடி, இடுக்கை விளக்குத் திரியும் ஓவியரோட பெயின்ட்டும் சீல் ரத்தமும் வச்சு அடைச்சது அவர் கைதான். அந்தப் படகு சுமார் 800 கடல் மைல் தாண்டி தெற்கு ஜார்ஜியா போய்ச் சேர்ந்தது.

தீவில் மிச்சமிருந்த 22 பேருக்கு ஃபிராங்க் வைல்ட் பொறுப்பு. தினமும் காலையில், இன்னைக்குத் தலைவர் வரலாம், படுக்கையைச் சுருட்டுங்கன்னு எழுப்புவாராம். நாலு மாசத்துக்கு மேல! ஆகஸ்ட் 30-ல் சிலி நாட்டுக் கப்பல் 'யெல்சோ' வந்தது. 28 பேரும் பிழைச்சாங்க.

ஆனா பனியில் நடந்த அந்தச் சண்டையைத் தலைவர் மறக்க மாட்டேன்னு டைரியில் எழுதி வச்சிருந்தார். ஊர் திரும்பின பிறகு துருவப் பதக்கத்துக்கான பேர்களைக் கொடுத்தப்போ 4 பேரை விட்டுட்டார். அதில் மெக்நிஷும் ஒருத்தர். அவர் சீர் பண்ணின படகில்தான் இவரும் வந்தார். ஊரார் கோபத்தை அவ்வளவு பக்குவமா தணிச்ச மனுஷன் இதை மட்டும் ஏன் கடைசி வரை வச்சிருந்தார்னு எனக்குப் புரியலை.

மெக்நிஷும் பூனையைச் சுட்டதை மன்னிக்கவே இல்லையாம். 1930-ல் நியூசிலாந்து வெலிங்டனில் வறுமையில் செத்தார். 2004-ல் அவர் கல்லறை மேல் ஒரு வெண்கலப் பூனையை வச்சிருக்காங்க.